சிங்கி எறாவுக்கு இருநூறு தடவை

அண்ணி,

நேற்று சாயங்காலம் என் மகள் கைப்பேசியோடு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, ஒரு கல்லு வெட்டுனா அம்பது பாயிண்ட். அடுத்த லெவலுக்கு இன்னும் ரெண்டாயிரம் வேணும். எத்தினி கல்லு வெட்டணும்?" அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் நின்றேன். 'அத்தையைக் கேளு' என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

நீங்கள் காசிமேட்டிலிருந்து எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான சில மாதங்களிலேயே அண்ணன் கப்பலேறிப் போனான். இன்ஜின் ரூமில் ஃபிட்டர் வேலை. போகுமுன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தான். டெலிபோன் வயரைப் பிடுங்கி அதில் சொருகினால்தான் இன்டர்நெட் வரும். அது இருக்கும் வரை வீட்டுக்கு போன் வராது.

நான் விளையாடிய ஆட்டத்தில் ஒரு குட்டி மனிதன் மீன் பிடிப்பான். பிடிக்கப் பிடிக்க பாயிண்ட் சேர்ந்து லெவல் ஏறும். கீரை ஆய்ந்துகொண்டே பின்னால் வந்து நின்றீர்கள். "அலையே இல்லாத கடலு. எங்க நைனா பார்த்தா சிரிச்சிடும்" என்றீர்கள். மறுநாள் மவுஸ் உங்கள் கையில் இருந்தது.

ஆட்டத்தில் வரும் பெரிய இறாலை, நீங்கள் சொல்லும் சிங்கி எறாவை, பிடிக்க நாற்பதாவது லெவல் வேண்டும். அதற்கு இன்னும் ஐயாயிரத்து அறுநூறு பாயிண்ட், மீனுக்கு எழுபது. "எண்பது மீன் அண்ணி" என்றேன், பெரிய கெட்டிக்காரியாக.

"எண்பது மீனுக்கு எண்பது வாட்டி வலை போட்டா போதுமா பாப்பா? பத்து வாட்டி போட்டா நாலு தானே மாட்டுது. இருநூறு வாட்டி போடணும். பை ரொம்புனா கரையில கொட்டிட்டு வர்ற நடை வேற. லைன் கட்டாவுறது தனி." கடலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். வெறும் வலையும் உங்கள் கணக்கில் உண்டு.

அந்த மழைக்காலத்தில்தான் அண்ணனிடமிருந்து போன் வராமல் போனது. சிங்கப்பூர் தொட்டதும் பேசுவதாகச் சொல்லியிருந்தான். தொட வேண்டிய நாள் போய் இரண்டு வாரம் ஆகியும் சத்தமில்லை. அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, நிமிடத்துக்கொரு தரம் ரிசீவரை எடுத்து 'கொய்ங்' என்கிறதா என்று பார்ப்பாள். உங்களால் உட்கார முடியவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைத்தீர்கள். காயாத துணியைக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, திரும்பவும் காயப்போட்டீர்கள்.

ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். போன் வயர் கம்ப்யூட்டரில் இருந்தது. நீங்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா அண்ணி இது! அண்ணன் போன் பண்ணா?"

நீங்கள் திரும்பவில்லை. "அது சும்மா கெடந்தா என்னால பாக்க முடியல பாப்பா. நான் லைன்ல இருந்தா, அது அடிக்காததுக்கு ஒரு காரணமாவது கீதே."

அம்மா திரும்பி வந்த அதே நேரத்தில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அண்ணனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் ஆபீஸின் ஆள். "இன்னாம்மா, மதியத்துலேர்ந்து போட்டுகினே கீறோம், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது! இன்ஜின் ரிப்பேராம், கப்பல் நடுக்கடல்லயே நின்னுடுச்சாம். இப்ப இழுத்தாந்து கரை சேத்துட்டாங்க. உம் புள்ள நல்லா கீறான். அவனே போன் போடுவான்."

அம்மா கும்பிட்ட கையை இறக்காமலே உங்களைப் பார்த்தாள். "எம் புள்ள கடல்ல தவிச்சிகினு கெடந்தான். நீ இங்க குந்திகினு மீனு புடிச்சியா?"

வயரைப் பிடுங்கி போனில் சொருகினீர்கள். திரையில் அந்தக் குட்டி மனிதன் வீசிய வலையோடு அப்படியே உறைந்து நின்றான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மணி அடித்தது. அம்மா அழுது தீர்த்து, ரிசீவரை உங்கள் கையில் திணித்தாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அதன் வயரை விரலில் சுற்றினீர்கள். "அலோ, அலோ" என்று அண்ணன் கத்துவது எனக்கே கேட்டது. கடைசியில் சொன்னீர்கள்: "நாப்பது வந்துடுச்சிங்க."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நீங்கள் சிரித்தீர்கள், சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது. அம்மாதான் முந்தானையால் உங்கள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. அடுத்த மாதமே எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். "புருசன் சம்பாரிக்கிறது பத்தலியா?" என்று அம்மா கேட்டாள். "பத்துது அத்தை. எனக்குத்தான் வேலை பத்தல" என்று சொல்லிவிட்டு, லாரிப் புழுதிக்குள் இறங்கி நடந்தீர்கள். சாயங்காலம் புழுதி படிந்த புடவையோடு பசியாகத் திரும்பி வந்தீர்கள். அன்று வர வேண்டிய அண்ணன் போன் வரவில்லை என்பது தட்டைக் கழுவும்போதுதான் உங்களுக்கு நினைவு வந்தது.

போன வருடம் உங்களை ஐசியூவில் வைத்திருந்த நாட்களில், அண்ணன் வெளியே நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தான். என்னால் உட்காரவே முடியவில்லை. அங்கே காத்திருந்த முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தேன். ஒரு பெரியவருக்கு மருந்துக்கடை வரை போய் வந்தேன். ஒரு பெண்ணின் கைக்குழந்தையை வாங்கித் தூங்க வைத்தேன். டாக்டர் கதவைத் திறந்து அண்ணனை அழைத்தபோதும் அந்தக் குழந்தை என் தோளில்தான் இருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று, அழாமல், வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன் அண்ணி.