பேராசிரியரின் கைநாட்டு

அனுப்புநர்:
முனைவர் பட்ட ஆய்வு மாணவி (பதிவு எண் 41),
கிழக்காசிய மொழிகள், பண்பாட்டுத் துறை.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: இரண்டாம் மொழித் தேர்வு முடிவில் தேர்வாளரின் பெருவிரல் ரேகையை ஏற்க, அல்லது கால நீட்டிப்பு வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி துறையில் எட்டாம் ஆண்டாக ஆய்வு செய்து வருகிறேன். பட்டம் பெற முதன்மை மொழியில் தேர்ச்சி, இன்னொரு கிழக்காசிய மொழியில் வாசிப்புத் தேர்வு, பொதுத் தேர்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவை வேண்டும். செவ்வியல் சீனத்திலும் பொதுத் தேர்விலும் தேறிவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் மொழியான ஜப்பானியத்தில் மட்டும் இருமுறை தோற்றேன். அது என் குறையே.

2. மூன்றாம் முறையாக இம்மாதம் 4ஆம் தேதி எழுதினேன். துறையில் ஜப்பானியம் அறிந்தவர் என் வழிகாட்டி ஒருவரே. ஆகவே தேர்வாளரும் அவரே. 6ஆம் தேதி காலை விடைத்தாளைத் திருத்தித் தேர்ச்சிக்குரிய 71 மதிப்பெண் இட்டவர், முடிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலக்கையும் பேச்சும் போயின.

3. தேர்வு நடந்து பதினைந்து நாளுக்குள் ஒப்பமிட்ட படிவம் வராவிட்டால் தேர்வு செல்லாது என்பதால், துறைத் தலைவர் சொன்னபடி 18ஆம் தேதி மருத்துவமனைக்குப் போனேன். அந்த நிலையில் இருப்பவர் முன் காகிதத்தை நீட்டக் கூசியது. அவர் மனைவிதான், "கொண்டாம்மா, கண்ணாலயே அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு" என்றார். வழிகாட்டி இடக்கையால் எழுத முயன்றார். பேனா காகிதத்தைக் கிழித்தது. பிறகு தாமாகவே பெருவிரலை நீட்டினார். ரேகை பதிந்ததும் நான்கு மொழி அறிந்த அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். செவிலியர் சாட்சிக் கையெழுத்திட்டார்.

4. மறுநாள் படிவத்தைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். உதவியாளர், "கைநாட்டு வைக்கிறவரு எப்படிம்மா ஜப்பானிய பேப்பரைத் திருத்துவாரு?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். "தேர்வாளர் நேரில் வந்து உறுதிப்படுத்தவும்" என்று எழுதிப் படிவத்தைத் திருப்பிவிட்டார். 24ஆம் தேதி என் வழிகாட்டி காலமானார். 26ஆம் தேதி மறுபடி போனேன். அதே குறிப்பைத்தான் காட்டினார்கள்.

5. வெளித் தேர்வாளரை நியமிக்கக் கல்விக் குழு ஒப்புதல் தர வேண்டும். குழு கூட இரண்டு மாதம் ஆகும். என் பதிவோ இம்மாதம் 30ஆம் தேதியுடன் முடிகிறது. புதிதாகப் பதிந்தால் முதல் தேர்விலிருந்து எழுத வேண்டும். எனக்கு வயது நாற்பத்து மூன்று. என் கணவர் பேருந்து ஓட்டுநர். நான் படிப்பதற்காக எட்டு வருடம் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனவர். "இன்னும் எட்டு வருஷம்தானே, ஓட்டிடலாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா ஊசி போடாத டாக்டர் ஆகப்போகிறாள் என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கும் மகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

6. விதி எனக்காக வளையாது என்று அறிவேன். இருந்தும் அந்த ரேகையை ஏற்கவோ, மூன்று மாத நீட்டிப்பு தரவோ வேண்டுகிறேன்.

7. இரண்டும் இயலாதெனில் ஒன்றே ஒன்று. தங்கள் அலுவலகத்தில் என் கோப்பைப் புரட்டியபோது விடைத்தாளின் நான்காம் பக்க ஓரத்தில் என் வழிகாட்டி சிவப்பு மையில், "இந்த வரியை நானே இத்தனை காலம் தப்பாகப் படித்திருக்கிறேன்" என்று எழுதியிருப்பதைக் கண்டேன். அவர் கடைசியாக எழுதிய வாக்கியம் அதுவாக இருக்கலாம். செல்லாத விடைத்தாள்கள் மாத முடிவில் அரைத்துக் கூழாக்கப்படும் என்றார்கள். அதற்குள் அந்த ஒரு தாளையாவது அவர் மனைவியிடம் சேர்க்க உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன்.

இடம்: துறை நூலகம்
நாள்: 28

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பதிவு எண் 41