கடல் பக்கத்து கேட்

சேலையூர்,
அக்டோபர் 18.

அன்புள்ள ஜெரூஷா அப்பாவுக்கு,

மெட்டில்டா எழுதுகிறேன். முட்டி வலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் நலத்தைப் போனில் கேட்டால், தீவில் மழையா வெயிலா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்தேன். கடிதத்தின் பாதியில், "கிளாஸுக்கு நேரமாச்சு மெட்டி" என்று நீங்கள் நழுவ முடியாது அல்லவா?

உங்கள் பக்கத்து வீட்டு லோகநாதன் லீவில் வந்து அஸ்தினாபுரத்தில் மாமனார் வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் திரும்பும்போது அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். கூடவே முறுக்கு, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். முறுக்கு முழுவதையும் காலேஜ் பிள்ளைகளுக்குத் தானம் செய்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. முடிச்சூர்க்காரர்கள் இப்போதே காரை எங்கே மேடாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நிறுத்துகிறார்கள். நம் தெருவில் பரவாயில்லை. ஜெரூஷாவின் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, தினமும் காலையில் வீடு இரண்டாகிறது. அவள் பிரசவத்துக்கு என்று வந்தவள் நான், பிள்ளை பென்சில் பிடிக்கிற அளவு வளர்ந்தும் இங்கேயே இருக்கிறேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே இருந்தபோது தாம்பரம் மார்க்கெட்டை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், இப்போது இங்கே உட்கார்ந்து அந்தக் கரீபியன் தீவை நினைத்து ஏங்குகிறேன். பின்வாசலைத் திறந்தால் கடல். சீமைப்பலாவைச் சுட்டுத் தோலை உரித்துப் போட்டு நான் வைத்த காரக்குழம்பு. பஸ்ஸில் பாட்டு அலற, யார் வீட்டுக் குழந்தையோ ஏறியதும் என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அம்மா எங்கோ பின்னால் நின்றுகொண்டு, எனக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டாள். அதில் என்ன நன்றி என்று அவளுக்குப் புரியாது. இங்கே அடையாறு வரை நின்றுகொண்டே போகிறேன், என் மடியும் காலி, யார் மடியும் காலி.

அந்த ஊர் வணக்கம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும், முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குட் மார்னிங். அதைச் சொல்லாமல் வாயைத் திறந்தால் அங்கே யாருக்கும் காது கேட்காது. வந்த புதிதில் மிஸ் வெர்லீன் கடைக்குள் போய் நேராக உப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். இந்தியர்கள் என்றால் இவர்களுக்கு இளப்பம் என்று நான் வீட்டுக்கு வந்து உங்களிடம் குதித்தது நினைவிருக்கிறதா? பிறகு ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள், உங்கள் ஊரில் மனிதர்களைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டீர்களா, முதல் பேச்சே உப்புதானா என்று. அன்றைக்குச் சிநேகிதமானவர்கள்தான் நாங்கள்.

போன வாரம் மார்க்கெட்டில் கீரைக்கார அம்மாவிடம் பழக்கதோஷத்தில் வணக்கம் சொல்லிவிட்டேன். அது என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, எலக்சன்ல நிக்கிறியா?" என்று கேட்டது. சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அடுத்த நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அதுவே எனக்கு வணக்கம் வைத்தது. முளைக்கீரையில் ஒரு பிடி கூடவும் போட்டது.

ஆனால் தீவில் ஒன்று மட்டும் எனக்குக் கடைசி வரை பழகவில்லை. நம் குவார்ட்டர்ஸ் கேட். காலேஜ் வருவதற்கு முன் அது வெறும் தென்னந்தோப்பு, அதன் நடுவே கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ஊர்ப் பாதை. தோப்பை வாங்கி வேலி போட்டபோது பாதையும் வேலிக்குள் மாட்டிக்கொண்டது, ரோட்டுப் பக்கம் ஒரு கேட், கடல் பக்கம் ஒரு கேட். பையைத் திறந்து காட்டிவிட்டு ஊர்க்காரர்கள் அதன் வழியே போகலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள். வெர்லீனும் நானும் சேர்ந்து வந்தால், காவலாளி அவள் பையைத் துழாவிவிட்டு எனக்கு சல்யூட் அடிப்பான். இத்தனைக்கும் அவன் அந்த ஊர்க்காரன், சின்ன வயதில் அவள் கடையில் மிட்டாய் வாங்கித் தின்றவன்.

என் கையையும் வெர்லீன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அக்கா, "பொண்ணு தங்கமாத்தான் இருக்கா, கலர்தான் கொஞ்சம்…" என்று இழுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அதே கலரோடு என்னைக் கொண்டுபோய் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிறுத்தியது உலகத்திலேயே அந்த கேட் ஒன்றுதான். டாக்டர் வீட்டம்மா, வெளிநாட்டிலிருந்து வந்தவர், பையைத் தொடக் கூடாது. முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

நேற்று அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. கல்லறைத் திருநாள் வருகிறதே, அதற்குள் என் அப்பாவின் கல்லறையில் புல்லைச் செதுக்கி வெள்ளையடித்துவிடலாம் என்று முடிச்சூருக்குப் போனேன். நாம் வரப்பில் நடந்து போவோமே, அந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி. கல்லறைக்குப் போகிற சந்தின் வாயில் ஒரு கேட். நானோ பழைய காட்டன் சேலை, ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் சுண்ணாம்பு வாளி. காவலுக்கு இருந்தவர் ஜெயவேலு என்று பெயர் குத்தியிருந்தார். "எந்த பிளாக்குல வேல செய்றே? பைய தொறந்து காட்டிட்டுப் போம்மா" என்றார். திறந்து காட்டினேன். உள்ளே ஜெபமாலையும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

அப்பாவின் கல்லறைக்குப் போகிறேன் என்று சொன்னதும் பாவம், அவர் முகம் சுண்டிவிட்டது. "தப்பா நெனச்சுக்காதம்மா. கல்லறைக்குப் போறவங்கள இந்த வழியா வுடவே கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. என் வூடு அந்தாண்டதான் கீது, நானே சுத்திகினுதான் போறேன்" என்றார். நானும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு மெயின் ரோடு வழியாகச் சுற்றித்தான் போனேன். வெர்லீன் பையைத் திறந்து காட்டும்போது எப்போதும் தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாயந்திரம் லோகநாதன் நம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், குழந்தைக்கு பொம்மையெல்லாம் வாங்கி வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். "மேடம், அந்த நியூசென்ஸ் இந்த மாசத்தோட முடியுது. கடல் பக்கத்து கேட்டை பர்மனென்ட்டா லாக் பண்றோம். சார்தான் அசோசியேஷன் பிரசிடென்ட், சார் சைன் பண்ணா போதும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சேஃப்டி என்றார். நவம்பரில் ஊரே மெழுகுவர்த்தியோடு குவார்ட்டர்ஸ் வழியாகப் போகிறதாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். அவர்களுக்குக் கல்லறைக்குப் போக வேறு பாதை இல்லையே, மறுபக்கம் வெறும் பாறைதானே என்றேன். "அதை அவங்க கவர்ன்மென்ட் பாத்துக்கட்டும் மேடம். அங்க நம்மாளுங்க யாரு இருக்காங்க?" என்றார்.

நான் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அதில் பாதிக் காபி மிச்சமிருந்தது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கிளம்பிய பிறகு அங்கே வந்தவர் அவர். இத்தனை வருடம் சுவருக்குச் சுவர் இருந்தும், நம் மகன் அந்த மண்ணில் படுத்திருக்கிறான் என்று நீங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

ஸ்டெபினைப் பற்றி நாம் பேசிக்கொண்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்று நான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லீவுக்கு வந்த பிள்ளை, கொரோனாவில் விமானங்கள் நின்றுபோய் அங்கேயே தங்கிவிட்டான். அம்மா கைச் சாப்பாடு, காலையில் கடல், வேலைக்கு லேப்டாப், இதற்குமேல் என்ன வேண்டும் என்று சிரித்தான். ஜூலையில் காய்ச்சல் வந்து நம் கண்ணெதிரே போய்விட்டான். ஊருக்குக் கொண்டுவர விமானம் இல்லை. குவார்ட்டர்ஸில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவரவர் பயம் அவரவருக்கு. கடலோரக் கல்லறைத் தோட்டத்திலோ பரம்பரையாக அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் இடம், வெளியாட்களுக்குக் கிடையாது. வெர்லீன்தான் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தைக் கொடுத்தாள். அவள் தம்பிகள் வந்து குழி வெட்டினார்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். அந்த வார்த்தையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

நம் பிள்ளைக்குத் தன் இடத்தையே கொடுத்தவளுக்கு நடந்து போக வழி கிடையாது என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? உங்களால் முடியுமா?

நான் அங்கே இருந்த கடைசி நவம்பரில், பொழுது சாய்கிற நேரத்தில் ஊர்க்காரர்கள் மெழுகுவர்த்தியோடு போனபோது நானும் கூடப் போனேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? காற்றுக்கு அணையாமல் ஒவ்வொருவரும் கையைக் குவித்துப் பிடித்திருந்தார்கள். நம் வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது, பெரியவர்களிலிருந்து சின்னப் பிள்ளைகள் வரை எல்லோரும், "குட் ஈவினிங் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தீர்கள். பதில் சொல்லாமல் இருப்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வருடமும் சொன்னார்களாம், அதற்கு அடுத்த வருடமும் சொன்னார்களாம்.

அந்த கேட்டை நீங்கள் பூட்ட நினைப்பது திருடனுக்குப் பயந்து அல்ல, எனக்குத் தெரியும். அந்தக் குரல்கள் ஜன்னலைத் தாண்டிப் போவதை உங்களால் தாங்க முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் அப்பா ஏன் நீட்டித்துக்கொண்டே போகிறார் என்று ஜெரூஷா என்னிடம் சண்டை பிடிக்கிறாள். அவனை விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, அவனிடம் போகவும் முடியவில்லை என்று நான் எப்படி அவளுக்குச் சொல்வேன்? எனக்கும் அந்த வேதனை உண்டு. ஆனால் எனக்கு நடுவில் இத்தனை கடல் இருக்கிறது. உங்களுக்கு ஒரு கேட்தான்.

இன்று காலை வெர்லீனோடு வாட்ஸாப்பில் பேசினேன். முதலில் வணக்கம், அப்புறம் என் முட்டி, அப்புறம் உங்கள் உடம்பு, அதற்குப் பிறகுதான் மற்றது. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அவள்தானே அவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் அனுப்புகிறாள். இந்த வருடம் பூட்டியிருந்தால் கேட் கம்பிக்குக் கீழேயே ஏற்றி வைக்கிறேன், வெளிச்சம் அவன் வரைக்கும் போகும், நீ கவலைப்படாதே என்றாள்.

இங்கே நானும் சும்மா இருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு ஜெயவேலுவையும் பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு அந்த அடுக்குமாடிக்காரர்களிடம் பேசப் போகிறேன். இங்கிலீஷும் வரும், வாயும் உண்டு என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் ஒரு துண்டில் சுற்றி மெழுகுவர்த்திகள் வைத்திருக்கிறேன். நம் கோவில் வாசலில் வாங்கி மந்திரித்தது. நவம்பர் இரண்டாம் தேதி சாயந்திரம் கேட்டைத் திறந்து வையுங்கள். வாசல் விளக்கைப் போடுங்கள். அவர்கள் குட் ஈவினிங் என்று சொன்னால் நீங்களும் ஒரு குட் ஈவினிங் சொல்லுங்கள். அதற்குமேல் கால் நகர்ந்தால் அவர்கள் பின்னாலேயே நடங்கள். நகரவில்லையென்றால் மெழுகுவர்த்தியை வெர்லீன் கையில் கொடுத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அவன் போன பிறகு உங்களை நான் ஜெரூஷா அப்பா என்றே கூப்பிட்டு வருகிறேன். பழைய மாதிரி கூப்பிட்டால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்களோ என்று பயம். இப்போது எழுந்து போனாலும் கடிதம் மேசை மேல்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் கூப்பிடுகிறேன்.

ஸ்டெபின் அப்பா, மாதா உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள்,
ஸ்டெபின் அம்மா