அழித்துக் கொடுத்த படங்கள்

ஏம்பலம்
18.1.2025

என் ஃபைஜாவுக்கு,

பொங்கலுக்கு வெட்டிய கரும்பைக் கொடுத்தனுப்பினேனே, லில்லி ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தாளா, வில்லியனூர் பஸ்ஸிலேயே கடித்துத் தீர்த்துவிட்டாளா? துணிக்கடையில் என் பக்கத்து கவுண்டரில் நின்றுகொண்டு நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டே இருக்கிறாள். அதனால்தான் சந்தேகம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் போன் விஜயராஜ் அண்ணன் கைக்குப் போய்விடும். அது ஒன்று. இன்னொன்று, போனில் கேட்டால் நீ உடனே ‘வேண்டாம்’ என்று தட்டிவிடுவாய். காகிதத்தில் கேட்டால் யோசிப்பாய். காலேஜ் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். பெங்களூரில் பெண்களுக்கான நீச்சல் உடை தைத்து ஆன்லைனில் விற்கிற ஒரு கம்பெனி மாடல் தேடுகிறது. வெள்ளைத் தோல் கேட்கவில்லை. நம்ம நிறத்தில், உயரமாக, இதுவரை எந்த விளம்பரத்திலும் வராத பெண்களாக வேண்டுமாம். நீச்சல் உடையில், வெளியிடத்தில், இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்ப வேண்டும். ஸ்டுடியோ படம் கூடாது. கருநீல உடை ஒன்று வாங்கி, கடையில் என் லாக்கரில் வைத்திருக்கிறேன்.

கடையில் தினமும் பொம்மைகளுக்குப் புடவை கட்டிவிடுகிறேன். வருகிறவர்கள் பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற நான் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஃபைஜா, ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்கட்டுமே.

ஆண் போட்டோகிராபர் முன்னால் என்னால் அப்படி நிற்க முடியாது. உன்னை விட்டால் ஆள் இல்லை. எடுப்பாயா?

உன் அம்சா


வில்லியனூர்
21.1.2025

அன்புள்ள அம்சா,

கரும்பு வந்தது. நுனி மட்டும் காணோம். லில்லியை ஒன்றும் சொல்லாதே.

எடுக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் எத்தனையோ காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

என் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் ஆண்கள் கேமராவோடு வரக்கூடாது என்பதால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அத்தா பைக் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு என்னை மண்டப வாசல்வரை கொண்டுவந்து விடுவதும் அதனால்தான். எடுத்து முடித்ததும் பென்டிரைவை மணப்பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, கேமரா கார்டை அவர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டுவேன். ஒரு காப்பிகூட வைத்துக்கொள்வதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு என் பேரைச் சொல்கிறது. உன் படங்களுக்கும் அதே முறைதான். என்னிடமிருந்து எங்கும் போகாது, பயப்படாதே.

நல்லவாட்டில் படகுகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி ஆள் நடமாட்டம் இல்லாத மணல் இருக்கிறது. விடிந்த உடனே வெளிச்சம் பக்கவாட்டில் விழும், தோலின் நிறம் அப்படியே வரும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அமுதம் அக்காவுக்கு அந்த ஊர்தான். துணைக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை உனக்கு லீவுதானே? கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நில். ஸ்கூட்டியில் வந்து கூட்டிப்போகிறேன்.

ஃபைஜா


வில்லியனூர்
30.1.2025

அன்புள்ள அம்சா,

காய்ச்சல் ஒன்றும் வரவில்லையே? அவ்வளவு நேரம் ஈரத்தோடு நிற்க வைத்துவிட்டேன். அமுதம் அக்கா அன்று முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். நீ சால்வையை எடுத்தபோது நான் மணலைத்தான் பார்த்தேன். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்த பிறகு கூச்சம் போய்விட்டது. கேமராவை இறக்கினால் திரும்ப வந்துவிடும். அதனால்தான் பேட்டரி தீரும்வரை இறக்கவே இல்லை. உனக்கு நான் கைதேர்ந்த போட்டோகிராபர் மாதிரி தெரிந்திருப்பேன்.

தெர்மாகோல் பலகையை வெளிச்சம் உன் மேல் திரும்பி விழும்படி பிடித்துக்கொண்டு அமுதம் அக்கா கேட்டது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

“இன்னாத்துக்குடி இது, சோப்பு வெளம்பரமா?”

“துணிக்குக்கா” என்றேன்.

“இத்தினிக்கூண்டு துணிக்கு வெளம்பரம் வேறயா! எம் பேத்தி கவுனுல இதவிட ரெண்டு மொழம் கூட இருக்கும்.”

நீ குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நல்லது. அதற்குப் பிறகுதான் நீ தோளை ஒடுக்கிக்கொள்ளாமல் நின்றாய். முழங்கைக்கு மேலே இருக்கும் கரும்புச் சோகை இலை கிழித்த கீறல்களை லேப்டாப்பில் எடுத்துவிடச் சொன்னாய். எடுக்கவில்லை. வெளிச்சத்தில் அவை மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருந்தன. அவை இல்லாவிட்டால் வேறு யாரோ மாதிரி இருந்திருப்பாய்.

பென்டிரைவைப் பத்திரமாக வை. படங்கள் இனி உன்னிடம் மட்டும்தான்.

ஃபைஜா


ஏம்பலம்
12.2.2025

ஃபைஜா,

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத மனசு வராது.

போனிலிருந்து அனுப்பிய சின்னப் படங்களைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு மேடம் பேசினார்கள். கடைசிச் சுற்றில் என் பேர் இருக்கிறது. கீறல் தெரிகிற படத்தைத்தான் சொன்னார்கள். “அதை அழிக்காமல் விட்டது யார்?” என்று கேட்டார்கள். உன் பேரையும் நம்பரையும் பெருமையாகக் கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் முழு அளவுப் படங்கள் வேண்டும், அதை வைத்துத்தான் முடிவு.

இப்போது மற்றது. பென்டிரைவைத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். அண்ணன் சட்டை தேடும்போது கண்ணில் பட்டிருக்கிறது. சினிமா ஏதாவது இருக்கும் என்று டிவியில் செருகிவிட்டான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது நம்ம வீட்டு டிவியில் நான் நிற்கிறேன். டிவி பெரியது, உனக்குத் தெரியும்.

அப்பா சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மாதான், “ஏண்டி, இன்னாடி இது, யார்டி எடுத்தது?” என்று கேட்டுக்கொண்டே டிவி மேல் தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். அந்தச் சின்ன முந்தானை டிவியை மறைக்குமா? அண்ணன் பென்டிரைவைப் பிடுங்கி அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினான். போனில் நான் ஒளித்துவைத்திருந்ததையும் தேடி அழித்துவிட்டான். லாக்கரில் இருந்த உடையைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினான். உன் பேரை நான் சொல்லவில்லை.

சம்பளம் வேண்டும் என்பதால் வேலைக்கு மட்டும் விடுகிறார்கள். அண்ணனே பைக்கில் கொண்டுவந்து விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டிப்போகிறான்.

நீ கார்டை அழித்ததைப் பார்த்தேன். ஆனால் லேப்டாப்பில் போட்டுத்தானே பென்டிரைவுக்கு மாற்றினாய்? அதில் இருக்கும் இல்லையா? லில்லி போனுக்கு அனுப்பு. அவள் பெங்களூருக்கு அனுப்பிவிடுவாள்.

உன் அம்சா


வில்லியனூர்
13.2.2025

அம்சா,

உன் கடிதத்தை லில்லி கொடுத்த இடத்திலேயே, பஸ் ஸ்டாண்டில் நின்றபடி படித்தேன்.

லேப்டாப்பில் இல்லை. உன்னை இறக்கிவிட்டு வந்த அன்றே அதிலும் அழித்துவிட்டேன். நிக்காஹ் படங்களுக்கும் அப்படித்தான் செய்வேன், உனக்கும் அப்படியே செய்தேன். கார்டை எடுத்துக்கொண்டு பாண்டியில் ஒரு கடைக்குப் போனேன். அழித்ததை மீட்டுத் தரும் ஒருவர் இருக்கிறார். நோன்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இந்த மாதம் எல்லா வீட்டிலும் நிக்காஹ். அதே கார்டில் அடுத்தடுத்து எடுத்துவிட்டேன். அவர் வெகுநேரம் முயற்சி செய்தார். மீட்டதெல்லாம் யாரோ ஒரு மணப்பெண்ணின் மருதாணிக் கையும், பிரியாணித் தேக்சாவும்தான்.

மறுபடியும் எடுப்போம். உடையை நான் வாங்குகிறேன். நல்லவாடு வேண்டாம் என்றால் வேறு இடம் பார்க்கிறேன். காலையில் ஒரு மணிநேரம் எப்படியாவது வா.

ஃபைஜா


17.2.2025

ஃபைஜா,

எப்படி வருவது? கடை வாசலில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். டீ குடிக்கப் போனாலும் எதிர்க் கடையில்தான் குடிக்கிறான். லீவு நாளில் அம்மா என்னோடு குளத்துக்குக்கூட வருகிறாள்.

காப்பி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நீ எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லா ஸ்டுடியோக்காரரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொல். நிஜமாகவே இல்லையா, இல்லை உங்கள் அத்தாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயமா? வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால், அது எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே அனுப்பிவிடு. யார் எடுத்தது என்று நான் சாகும்வரை சொல்ல மாட்டேன்.

லில்லியின் போனிலிருந்து அந்த மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். பாவம்தான், ஆனால் படம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

அம்சா


வில்லியனூர்
3.3.2025

அன்புள்ள அம்சா,

நிஜமாகவே இல்லை. இதை வேறு எப்படி எழுதினால் நம்புவாய் என்று தெரியாததால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அமைதியாக இருக்கும்போது எழுதுகிறேன்.

இதை லில்லி சொல்லி நீ கேட்கக் கூடாது. அந்த பெங்களூர் மேடம் போன வாரம் எனக்குப் போன் செய்தார்கள். மாடல் இடத்துக்கு மங்களூர்ப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்களாம். ஆனால் உன் படங்களை எடுத்தவள் என்று நீ கொடுத்த என் பேரையும் நம்பரையும் அவர்கள் மறக்கவில்லை. அவர்கள் உடைக்குப் படம் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்றார்கள். உன் பெரிய படங்களை நான் ஒளித்துவைத்திருக்கிறேனோ என்று அவர்களும் ஒரு தடவை கேட்டார்கள். என் முறையைச் சொன்னேன். அதைக் கேட்டதும், “இப்படி ஒருத்திதான் எங்களுக்கு வேண்டும், பெண்கள் நம்பி வருவார்கள்” என்றார்கள்.

சரி என்று சொல்லிவிட்டேன். அத்தாவிடம் பெண்கள் துணிக் கம்பெனி என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் படித்துவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போகிற முதல் ஆள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் கிளம்புகிறேன்.

அங்கே போய் உன்னைப் பற்றிப் பேசுவேன். அடுத்த தடவை தேடும்போது உன்னைக் கூப்பிடச் சொல்வேன். எனக்குக் கிடைத்தது உன்னுடையது என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் சரி என்றேன். திட்டியாவது எழுது.

ஃபைஜா


ஏம்பலம்
16.3.2025

ஃபைஜாவுக்கு,

உன்னிடம் காப்பி இல்லை என்பதை நம்புகிறேன். இருந்திருந்தால் அந்த மேடத்துக்காவது கொடுத்திருப்பாய்.

வேலைக்குப் போ. உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்று மணலில் உட்கார்ந்து, லேப்டாப் வழியாகப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்து, கார்டை அழித்துவிட்டு, “பாத்துக்க, ஒண்ணும் இல்ல” என்று என்னிடம் காட்டினாய். காட்டினாய், அவ்வளவுதான். அழிக்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒன்று உன்னிடம் இருக்கட்டும், என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லியிருப்பேன். இப்போது இந்த வேலைக்கும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறாய்.

அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் என் நல்லதுக்கு என்று ஒன்றைச் செய்து முடித்துவிட்டு அப்புறம் எனக்குச் சொல்கிறவர்கள். நீ அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவர்களிடம் என் பேரைச் சொல்ல வேண்டாம். அங்கே கூச்சத்தோடு வந்து நிற்கிற பெண்களிடம் முதலில் கேள், உன் படத்தை என்ன செய்யட்டும் என்று. அவர்கள் சொல்கிறபடி செய்.

லில்லி கல்யாணமாகி அடுத்த மாதம் வேலையை விடுகிறாள். அவளுக்குப் பிறகு கடிதம் கொண்டுவர யாரும் இல்லை. நானும் யாரையும் தேடப் போவதில்லை.

சு. அம்சவள்ளி