பூஜ்யத்தில் பவளம் வாழாது

கழக்கூட்டம், திருவனந்தபுரம்
11 மே 2003

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெபமலர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், நீங்கள் என்னிடம் விட்டுப்போன மீனும் உயிர்ப்பவளமுமான கடல்தண்ணீர்த் தொட்டியும் சுகம். இதை முதலிலேயே எழுதக் காரணம், உங்கள் அண்ணன் தோஹாவுக்கு வேறு மாதிரி போன் செய்திருப்பார் என்பதுதான். போனில் நான் வாய் திறப்பதற்குள் கார்டு தீர்ந்தது என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் கார்டு கிடையாது. முழுதும் வாசியுங்கள்.

தொட்டியைக் கலைத்து, பிளாட்டைக் காலி செய்து, மாத முடிவுக்குள் நான் பாறசாலையில் உங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நீங்களும் அண்ணனும் முடிவு செய்திருக்கிறீர்கள். நான் போகமாட்டேன். இங்கிருந்து ஆபீசுக்குப் பத்து நிமிஷ நடை. பாறசாலை என்றால் வேலையை விட வேண்டும். அண்ணனுக்கு அதுதான் வேண்டும். ஒரு தொட்டியையே பார்க்கத் தெரியாதவள் தனியாக எப்படி இருப்பாள் என்பது அவர் கட்சி.

தொட்டி கெட்டது என் தவறுதான், மறைக்கவில்லை. போகும்போது நீங்கள் நோட்டில் எழுதிவைத்தீர்கள்: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், அதுதான் சுத்தமான தண்ணீர் என்று. இரண்டு வருஷம் அப்படியே செய்தேன். அழுக்கை நுரையாக எடுக்கும் மெஷின் ஓயாமல் ஓடியது. விழிஞ்ஞத்திலிருந்து கேனில் கடல்தண்ணீர் வரவழைத்து வாரம் தவறாமல் மாற்றினேன். கரண்ட் போகும் அரை மணி நேரமும் பிளாஸ்டிக் கோப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்ச்சில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் தொடங்கின. உங்களுக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று நாற்பது நாளும் மதியச் சாப்பாட்டை விட்டேன். வீட்டில் உபவாசம் என்றால் எல்லோருக்கும்தானே என்று மீன்களுக்கும் தீனியைப் பாதியாக்கினேன். சிரிக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் தோல் பவளம் சுருங்கி வெளுத்துக் கிடந்தது. பொத்தான் பவளத்தில் ஏழு பூ விரியவே இல்லை. சோதனைக் குப்பியில் சொட்டு விட்டுப் பார்த்தால் நிறமே வரவில்லை. இரண்டும் பூஜ்யம். உங்கள் நோட்டின்படி எல்லாம் சரி, பவளம் மட்டும் சாகிறது. அந்தக் கோலத்தைத்தான் உங்கள் அண்ணன் ஈஸ்டர் அன்று வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆபீசில் எனக்குச் சம்பளமே அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பதற்குத்தான். உங்கள் நோட்டிலும் பிடித்தேன். தொட்டி வளர்ப்பவர்கள் இன்டர்நெட்டில் எழுதியதையெல்லாம் தேடி வாசித்தேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெறும் அழுக்கு அல்ல அத்தான். பவளத்தின் உடம்புக்குள் ஒரு பாசி இருக்கிறதாம், அதற்கு இவைதான் உரம். அந்தப் பாசி பிழைத்தால்தான் பவளத்துக்குச் சோறு. அதைப் படித்த வேகத்தில் மூன்று வேளையும் தீனி கொட்டினேன், கண்ணாடியெல்லாம் பச்சை பிடித்தது. அதுவும் என் அவசரம்தான். பிறகு நிதானித்து, தினம் இரண்டு கிள்ளு தீனி, மெஷின் பாதி நேரம் என்று வைத்தேன். இப்போது நைட்ரேட் ஐந்து. பாஸ்பேட் குப்பியில் லேசாக நீலம் தெரிகிறது. தோல் பவளம் நிமிர்ந்துவிட்டது. பொத்தானில் நான்கு திரும்ப விரிந்தன. மூன்று போனது போனதுதான்.

போன வியாழக்கிழமை நான் ஆபீசில் இருந்தபோது, அண்ணன் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, வேலப்பன் என்ற பிளம்பரோடு உள்ளே வந்திருக்கிறார். மேல் வீட்டு லிபி போன் செய்தாள், ஓடிவந்தேன். குழாய் போட்டுப் பாதித் தண்ணீரைக் குளியலறையில் விட்டாயிற்று. தோல் பவளம் காற்றில் சரிந்து கிடந்தது. குழாயைப் பிடுங்கி எறிந்தேன். “ஒற்றைக்கு இருந்தது மதி மோளே, சாமானைக் கெட்டு” என்றார் அண்ணன், தனியாக இருந்தது போதுமாம். பவளம் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்றும் மிரட்டினார். சட்டம் தடுத்தது கல் பவளத்தை, நம்மிடம் இருப்பது மெத்தென்ற வகை என்றேன். நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது என்றும் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். வேலப்பன் நல்ல மனுஷர். அடுக்களையிலிருந்த கேன்களைத் தூக்கிவந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

போகிற போக்கில் அண்ணன் ஒன்று சொன்னார். கம்பெனியில் மார்ச்சிலேயே உங்களுக்கு லீவு கொடுத்தார்களாம். நீங்கள்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்களாம். அப்படியானால் நான் எதற்கு நாற்பது நாள் பட்டினி கிடந்தேன்? அன்றைக்கு முழுக்க அழுதேன். இப்போது அழுகை இல்லை, கோபம்தான் இருக்கிறது. அதை நீங்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், தபாலில் அனுப்ப முடியாது.

பிளாட் சொந்தக்காரர் ராஜையனிடம் பேசி, அடுத்த பதினொரு மாதத்துக்கு என் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதிவிட்டேன். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. உங்களிடமிருக்கும் சாவி இனி இந்தக் கதவுக்குச் சேராது. புதுச் சாவி யாருக்கும் தருவதாக இல்லை, உங்களுக்கும் அனுப்பமாட்டேன். நேரில் வந்து மணியடியுங்கள். எந்த நேரமானாலும் நான் திறப்பேன்.

இங்கிருந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோன கர்த்தர், அதேபோலப் பத்திரமாக இந்த வாசலுக்கே கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஜெபமலர்