இடையில் முறிந்த ஊதல்

மழை தவறாது பெய்க! ஆறு கரை மீறாது ஒழுகுக! குன்றுதோறும் காவல் விழித்திருக்க!

வெண்குன்ற நாடுடைய கோமகள், செங்கால் ஆற்றின் இருகரையும் புரக்கும் நெடுங்கோதை தேவியார், கொம்புமலைக் கோட்டைத் தலைவர் மல்லன் கூற்றனார்க்கு எழுதுவித்த ஓலை. உமது கோட்டையும், காவல் நிற்கும் இளைஞரும், அவர்களைப் பெற்றோரும் நலமே வாழ்க.

உம் ஓலை கண்டோம். வெள்ளத்தன்று கொம்பூதிய வேட்டன் என்னும் இளைஞன் கடமை தவறினான் என்றும், அவனைச் சவுக்கால் அடித்துக் காவலினின்று நீக்க ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். படித்ததும் எம் நெஞ்சு கொதித்தது.

நம் நாட்டு வழக்கம் நீர் அறியாததன்று. முறியாத நீண்ட ஊதல் கேட்டால் குடிகள் மேடேற வேண்டும். விட்டு விட்டுக் கேட்டால் ஆபத்து நீங்கிற்று என்று வீடு திரும்ப வேண்டும். அன்று வேட்டன் நீள ஊதத்தான் தொடங்கினான். சுருட்டுப் புகை ஏறிய நெஞ்சு இடையில் இருமிற்று. மீண்டும் ஊதினான், மீண்டும் இருமிற்று. பாதி மேடேறியிருந்த கீழைக்கரை மக்கள் அதைக் கேட்டு மகிழ்ந்து இறங்கினர். இறங்கியவர்களை ஆறு கொண்டது. அவர்களுள் அவனை வளர்த்த தமக்கையும் ஒருத்தி.

அவனை அழைத்து விசாரித்தோம். தன்னைக் கொன்றுவிடும்படி வேண்டினான். சுருட்டு எவ்வாறு பழகிற்று என வினவியதற்கு, கொம்பு ஏற்ற நாளில் தலைவர் தம் வாயிலிருந்த சுருட்டை எடுத்துத் தந்து, இனி ஆண்பிள்ளை என வாழ்த்தியதாகவும், மறுத்தால் தோழர் நகைப்பரென அஞ்சியதாகவும், பின்னர் விட முயன்றும் கை நடுங்கி, உறக்கம் கெட்டு, முடியாமற் போனதாகவும் விண்ணப்பித்தான். உம்மீது ஒரு குறையும் சொன்னானில்லை. கூற்றனாரே, அதுதான் எமக்குப் பொறுக்கவில்லை. மீசை முளைக்காத பிள்ளைகள் கையில் நெருப்பைக் கொடுத்துவிட்டு, சுட்டதற்கு அவர்களையே அடிக்கச் சொல்கிறீரே, இது எந்த ஊர் நியாயம்?

ஆதலால் யாம் ஆணையிடுவது யாதெனில், கொம்பேற்கும் நாளில் சுருட்டுத் தரும் வழக்கம் இன்றோடு ஒழிக. ஒளிந்து புகைப்பவனை அடிக்க வேண்டா. அடித்தால் இன்னும் நன்றாக ஒளியக் கற்பான். விட முயல்பவன் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்க. தனித்திருக்க விடாமல் தோழன் ஒருவனை உடன் நிறுத்துக. மறுபடி தொட்டுவிட்டால் ஏசாமல் மறுநாள் மீண்டும் தொடங்கச் செய்க. இவை அனைத்துக்கும் முன்பாக, கோட்டையார் எல்லாரும் காண உமது சுருட்டை நீர் கீழே வைக்கக் கடவீர்.

இவ்வோலை கொணர்பவன் வேட்டனே. மறுமொழி எழுத வேண்டா. நீர் சுருட்டை விட்ட பின்னர், நாள்தோறும் விடியலில் அவனைக் கொம்பூதச் செய்க. யாம் மேல்மாடத்தில் நின்று கேட்போம். விடியல் ஊதல் வெள்ளத்துக்கன்று, ஒரு பிள்ளை தன் மூச்சை மீட்பதற்கென்று கீழைக்கரையில் பறையறைந்து சொல்வித்தோம். தம்மவரை ஆற்றில் இழந்தோர், ஊதல் முறிந்தால் மறுநாளும் கேட்போம் என்றனர்.

கொம்பு முத்திரை இட்டோம். இது எம் ஆணை.