சாயத்துக்கு ஒரு ஸ்பானிஷ் வார்த்தை

ஆவணி, சனிக்கிழமை இரவு.

போனில் மூன்று மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று ஆபீஸில் வாயை விட்டது என் தப்பு. பனியனுக்குள் தைக்கிற சலவை லேபிளை ஸ்பானிஷிலும் போடச் சொல்லி எங்களிடம் துணி வாங்கும் ஸ்பெயின் பையர் கேட்டதும், முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். ‘கலர் மே ரன்’ என்ற இங்கிலீஷ் வரியில், அந்த ‘ரன்’னில் மாட்டிக்கொண்டேன். ஆள் ஓடினால் ‘கொர்ரெர்’, மெஷின் ஓடினால் ‘ஃபுன்சியொனார்’, சாயம் ஓடினால் ‘தெஸ்தெஞிர்’. மூன்றாவதைத்தான் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“அப்படின்னா என்னங்க அர்த்தம்?”

“தொவச்சா சாயம் போகும்னு அர்த்தங்க.”

முதலாளிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “நம்ம துணி சாயம் போகும்னு நாமளே அச்சடிச்சுக் குடுக்கறதாங்க?”

“இங்கிலீஷ்ல இத்தன வருஷமா அதைத்தானுங்க போட்டிருக்கோம்.”

“இங்கிலீஷ்ல போட்டா அங்க ஆருங்க படிக்கறாங்க? ஸ்பானிஷ்ல போட்டா படிச்சுருவாங்களே! நம்ம சாயமெல்லாம் போகாதுங்கம்மா. வேணும்னா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தொவச்சுப் பாருங்க.”

சிவப்பு சாம்பிள் ஒன்றை எடுத்து வந்து பக்கெட்டில் ஊறப் போட்டேன். நான் அடுப்படியில் இருந்தபோது, பல்பு போன குளியலறைக்குள் போன என் வீட்டுக்காரர், நாளைக் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய வெள்ளை வேட்டியை அதே பக்கெட்டில் முக்கிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு ஒத்தாசையாம்.

வேட்டி இப்போது ரோஜா நிறத்தில் கொடியில் தொங்குகிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டார். வார்த்தை தெஸ்தெஞிர்தான், இனிச் சந்தேகமே இல்லை. காலையில் அவரிடம் அதை எந்தப் பாஷையில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.