சளி என்று சொன்னாய், நம்பினேன்

அப்பா,

இன்று வேலை முடிந்து வரும் வழியில் வெயில் தாங்காமல் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி பக்கத்தில் நின்றேன். வண்டிக்காரர் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். நனைந்த சாக்கும் மரத்தூளும் சேர்ந்து ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வந்தது கோபம்தான். ஜூஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். அந்த மனிதர், பாவம், ஊற்றிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது. நீ சரக்கு ஆட்டோ ஓட்டிவிட்டு ஓரிக்கைக்குத் திரும்பும்போது இதே மாதிரி சாக்கில் ஐஸ் கட்டியைச் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்து எடுத்து வருவாய். யாராவது கேட்டால், "மீன் வாங்கியாந்து வெக்கிறதுக்குபா" என்பாய். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஐஸ் எனக்காக.

பிளஸ் ஒன் படிக்கும்போதுதான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது, என்னையே நான் காயப்படுத்திக்கொள்கிற பழக்கம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன விஷயத்துக்கும் மனசு பால் மாதிரிப் பொங்கிவிடும், அடுப்பை அணைக்கத் தெரியாது. நீ என் கையைப் பார்த்த அன்று திட்டவில்லை, அடிக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனாய். அவர் ஒரு மனநலக் கவுன்சிலர் மேடத்தின் வகுப்பைச் சொன்னார். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு மாடி ஹாலில் சனிக்கிழமைதோறும் நடக்கிற வகுப்பு. கொதிக்கிற மனசை ஆற்றுவது எப்படி, வந்திருப்பது கோபமா பயமா வெட்கமா என்று கண்டுபிடிப்பது எப்படி, வேண்டியதைச் சண்டை போடாமல் கேட்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள். பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்தால் போதாது, பிள்ளை கற்பதை எல்லாம் அவரும் கற்க வேண்டும்.

அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். "பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துக்கு என்ன எதுக்குக் கூப்டுற?" என்றாள். நீ சனிக்கிழமை லோடை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். தெருவில் கேட்டவர்களிடம் மகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் என்றாய். "அதுக்கு நீ எதுக்குபா கூடப் போற?" என்று யாரோ மடக்கியதற்கு, "சும்மா ஒக்காந்துக்கினு இருக்கிற நேரத்துல நானும் ரெண்டு வார்த்த கத்துக்குறேன்" என்று கண் சிமிட்டாமல் சொன்னாய். எவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறார் அப்பா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்பதால் இனித்தது.

ஐஸ் வித்தையை மேடம் முதல் வகுப்புகளிலேயே சொல்லிக் கொடுத்தார். கொதிப்பு தலைக்கு ஏறும்போது ஐஸ் தண்ணீரில் முகத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். முதலில் உடம்பு அடங்கும், பின்னாலேயே மனசும் அடங்கும். சொல்லிவிட்டு, "ஹார்ட்டுல பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம இதைச் செய்யாதீங்க" என்றார். நாம் இரண்டு பேரும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நூல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுகிறவன் நீ. உனக்கென்ன வந்தது?

வீட்டில் அன்னக்கூடையில், அந்த வாயகன்ற பாத்திரத்தில், தண்ணீர் ஊற்றி ஐஸை உடைத்துப் போடுவாய். எனக்குப் பயமாக இருக்கும் என்று முதலில் நீ முகத்தை வைப்பாய். மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து, "யப்பா! ஊட்டிக்குப் போய்க்கினு வந்துட்டேன் பாப்பா, டிக்கெட்டு இல்லாம" என்பாய். எப்பேர்ப்பட்ட கொதிப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம்தான் நான் வைப்பேன்.

அந்த நாட்களில்தான் நமக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டோம். போட்டதும் நீதான். "நமக்குள்ள எதுவும் மறைக்க வேணாம் பாப்பா. மனசு சரியில்லன்னா எந்நேரமானாலும் சொல்லு. நான் திட்ட மாட்டேன், பயப்படவும் மாட்டேன்." நான் அதைக் காப்பாற்றினேன். சொல்ல வெட்கமாக இருந்ததைக்கூடச் சொன்னேன். நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனில் கேட்டுக்கொண்டிருப்பாய். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவது எனக்குக் கேட்கும், நீ அசைய மாட்டாய்.

ஒரு சனிக்கிழமை மேடம் ஆளை மாற்றி நடிக்கச் சொன்னார். நான் அப்பா, நீ மகள். நீ உதட்டைச் சுழித்து, துப்பட்டா இழுத்துவிடுகிற மாதிரி தோளைத் தட்டியதும் ஹாலே சிரித்தது. நான் உன் குரலில், "ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். நீ இல்லாத துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாய். பிறகு, "சொன்னா நீ தாங்க மாட்டப்பா. அதான் சொல்லல" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. என் மனசை எப்படி அப்படியே பிடித்துவிட்டாய் என்று எனக்கும் அழுகை வந்தது. "தாங்குவேன், சொல்லு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று நீ என்னைப் போல் நடித்தாயா, உன்னையே சொன்னாயா என்று இப்போது கேட்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நீ அன்னக்கூடையில் முகம் வைப்பதை நிறுத்தினாய். "சளி புடிச்சிக்கினு இருக்குது, நீ மட்டும் வை பாப்பா" என்றாய். அடுத்த தடவையும் சளி. அதற்கடுத்த தடவையும் சளி. சித்திரை வெயிலில் தார் ரோடு உருகும்போதும் உனக்குச் சளி விடவில்லை. நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நமக்குள்தான் ஒளிவு மறைவு கிடையாதே.

வகுப்பு முடிந்தது, நான் தேறினேன், கல்லூரியிலும் சேர்ந்தேன். ஒரு நாள் நீ சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நூல் கடை வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணி குடு என்று கேட்டு உட்கார்ந்தாய். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டாய்.

அன்று சாயந்திரம் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் வெடித்துவிடுவேன் என்று தோன்றியது. நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சித்தப்பா முகம் ஒரு மாதிரி ஆனது, வேண்டாம் என்று தடுத்தார். துக்கத்தில் தடுக்கிறார் என்று நினைத்தேன். போனில் உன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஃப்ளெக்ஸ் கடைக்குள் போனேன். கடைக்காரர் உன் கூட்டாளி. என் போனை அவர் வாங்கவே இல்லை.

"போட்டோ இருக்குதும்மா" என்றார்.

"யாரு குடுத்தாங்க?"

"அப்பாவேதான். ஹார்ட்டுல அடைப்பு, ஆபரேசன் பண்ணணும்னு மெட்ராஸ்ல சொன்னாங்கல்ல, அதுக்கப்புறம் ஒரு நாள் வந்து குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா எம்பொண்ணு போட்டோ தேடிக்கினு அலையக் கூடாதுபான்னாரு." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "உனக்குத் தெரியாதாம்மா?"

கம்ப்யூட்டரில் உன் படம் இருந்தது. வகுப்பின் கடைசி நாளில் மேடம் நம் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்த படம். என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். உன் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

வீட்டுக்கு வந்து, நீ ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கும்போதே, அம்மாவைக் கேட்டேன். "அவரு தலைல அடிச்சி என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாருடி. அவகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டான்னாரு" என்று அழுதாள். சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நூல் கடையில் தெரிந்திருந்தது. பேனர் அடிக்கிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. முதலில் என் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்றாயாம். பிறகு கல்லூரியில் சேரட்டும், பிறகு செமஸ்டர் முடியட்டும். "நான் ஆஸ்பத்திரில படுத்துக்கினா அவ பழையபடி ஆயிடுவா" என்றாயாம். காரியத்துக்கு வந்த பெண்கள் என் காதுபடப் பேசினார்கள்: "பொண்ணுக்கோசரம்தான் ஆபரேசனே பண்ணிக்கலயாம், பாவம் மனுசன்."

உன் சாவுக்கு என்னைக் காரணமாக்கிவிட்டுப் போனாய். இதைவிட நயமாக ஒரு துரோகத்தை யாரும் செய்ய முடியாது. செய்தது என்மேல் உள்ள பாசத்தால் என்று ஊரே சொல்லும்போது நான் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பேன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, மேடம் கேட்டபோதெல்லாம், "எம்பொண்ணு நல்லா தேறிட்டா மேடம்" என்று கையைத் தூக்கிச் சொன்னாயே, அதில் ஒரு வார்த்தையையாவது நீ நம்பினாயா? நம்பியிருந்தால் சொல்லியிருப்பாய். நீ கண்ட மகள் கடைசி வரைக்கும் அந்தப் பிளஸ் ஒன் பெண்தான். அவளை நான் தாண்டி வந்ததை உனக்குக் காட்டத்தான் அத்தனை பாடுபட்டேன்.

ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று மேடம் அடிக்கடி சொல்வார். என்மேல் உயிரையே வைத்திருந்தாய். என்னை ஏமாற்றினாய். இரண்டும் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இன்னும் இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

போன மாதம் மேடம் போன் செய்து, புதிதாகச் சேர்ந்த குடும்பங்களோடு வந்து பேச முடியுமா என்று கேட்டார். போனேன். நான் எப்படித் தேறினேன் என்று ஏதோ சொன்னேன். இடைவேளையில் ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் மகள் தூரத்தில், முழுக்கைச் சட்டையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கமா. இவளுக்குத் தெரியாது. டெய்லி டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு கெளம்பிப் போற மாதிரி போய்க்கினு இருக்காரு. சொல்லாம இருக்கிறதுதானே இவளுக்கு நல்லது?"

"சொல்லிடுங்க அக்கா."

"தாங்க மாட்டாளேமா."

"அழுவா. கத்துவா. சாப்பிட மாட்டா. அப்புறம் தாங்குவா. தானா தெரிஞ்சிக்கினா மட்டும்தான் தாங்க மாட்டா." அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "எங்கப்பா எங்கிட்ட சொல்லல அக்கா. ஊருக்கெல்லாம் சொன்னாரு, எங்கிட்ட மட்டும் சொல்லல" என்றேன். குரல் உயர்ந்து ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் தடுக்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

நீ போனதிலிருந்து இன்றுவரைக்கும் நான் பழையபடி ஆகவில்லை, அப்பா. ஊர் சொன்னதைக் கேட்டும் ஆகவில்லை, உன் பேனரைத் தெருமுனையில் தாண்டிப் போனபோதும் ஆகவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று நீ முடிவு செய்த செய்தியைத் தினமும் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். அழுதிருப்பேன், உன்னோடு சண்டை போட்டிருப்பேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். ஆபரேசன் தியேட்டர் வாசலில் உன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, நீ வெளியே வரும்வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.